‘40 மடங்கு உறிஞ்சும்’ என்று போட்டிருந்தால் சீலை உடைக்காதீர்கள்

முழங்கால் வலிக்கு ஒரு குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்) கேப்சூல் வாங்கி நான் ஏமாந்த கதை இது. காசு போனதோடு நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அதே டப்பாவிலிருந்து அக்காவுக்கும் கொடுத்துத் தொலைத்தேன்.

என்னை விழவைத்தது ஒரு சின்ன வீடியோ. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஒன்றில் சாதாரண மஞ்சள் தூளைப் போடுகிறார்கள், அது அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்றில் இவர்களுடைய கேப்சூலைப் பிரித்துக் கொட்டுகிறார்கள். தண்ணீர் முழுக்க ஒரே சீரான பொன்னிறம். கீழே ‘நேனோ லிப்போசோமல், 40 மடங்கு உறிஞ்சும்’ என்று எழுத்து ஓடுகிறது. லிப்போசோம் என்றால் பொருளை உள்ளே அடைத்து வைக்கும் மிக நுண்ணிய கொழுப்புக் குமிழி. கரைந்துவிட்டதே, அப்புறம் உடம்பில் சேராமலா போகும் என்று நினைத்தேன்.

அவர்கள் சொன்ன பிரச்சினை உண்மையானது, அதனால்தான் சந்தேகமே வரவில்லை. குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. கொஞ்சம் குடல் சுவருக்குள் நுழைந்தாலும், குடலும் கல்லீரலும் சேர்ந்து அதன்மேல் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி வெளியேற்ற ஏற்பாடு செய்துவிடும். 1998இல் வந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினை மட்டும் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அது தென்படவேயில்லை, அல்லது மிகமிகக் குறைவாக இருந்தது. இதற்கு நேர்மையான வழிகளும் இருக்கின்றன. லெசித்தினில் இருக்கும் பாஸ்பாட்டிடைல்கோலினோடு கூட்டாகக் கட்டுவது ஒன்று, பைட்டோசோம் என்பது அதுதான். துகளை மிக நுண்ணியதாக்கிக் கூழ்மமாகச் செய்வது இன்னொன்று. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் பாலிசார்பேட் மாதிரி ஒரு பொருளால், தண்ணீரில் கலந்து நிற்கும் நுண்ணிய உருண்டைகளாக, அதாவது மைசெல்லாக, ஆக்குவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மனிதர்களிடம் செய்த சோதனைகள் இருக்கின்றன. என் டப்பாவில் இவற்றில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பார்சல் வந்த அன்றைக்கே வீடியோவில் பார்த்ததைச் செய்து பார்க்கலாமென்று ஒரு கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டினேன். முதலில் மேலே மிதந்தது. கலக்கினேன், கலங்கியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அடியில் மஞ்சள் மண்டி, மேலே லேசான வெண்மை கலந்த தண்ணீர், டம்ளர் ஓரத்தில் ஒரு மஞ்சள் வளையம். அதாவது, வீடியோவின் முதல் டம்ளர்தான் என் வீட்டுக்கு வந்திருந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை பாருங்கள், வாங்கியாயிற்றே என்று விழுங்க ஆரம்பித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் அழகாகக் கலந்தாலும் அது உறிஞ்சப்படுகிறது என்பதற்குச் சாட்சி இல்லை. சோப்பு மாதிரி வேலை செய்யும் பொருள் எதையாவது சேர்த்தால் எண்ணெய்ச் சாயம்கூடத் தண்ணீரில் ஒன்றாய்க் கலந்து நிற்கும். டம்ளர் வேறு, குடல் வேறு.

டப்பாவின் பின்பக்கம் ‘மஞ்சள் லிப்போசோமல் கலவை 1000 மி.கி.’ என்று மொத்தமாகப் போட்டிருந்தது. அதில் குர்குமின் எவ்வளவு என்று இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். வெறும் தூளென்றால் 1000 மில்லிகிராமில் 30 மில்லிகிராம் கிடைத்தால் பெரிது. வாட்ஸ்அப்பில் கேட்டேன்.

“ஒரு கேப்சூலில் சுத்தக் குர்குமின் எத்தனை மில்லிகிராம்?”

“சார், இது லிப்போசோமல். மில்லிகிராம் பார்க்கத் தேவையே இல்லை சார்.”

“சரி, 40 மடங்கு என்றால் எதைவிட?”

“சாதாரண மஞ்சளைவிட சார்.”

இந்தப் பதிலை அன்றைக்கு விட்டுவிட்டேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 95 சதவீதம் குர்குமினாய்டு (குர்குமினும் அதன் நெருங்கிய உறவுப் பொருள்களும்) உள்ள சாதாரணச் சாற்றுத் தூளை, 3 சதவீதம் உள்ள மஞ்சள் தூளோடு எடைக்கு எடை ஒப்பிட்டாலே 30 மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது. நேனோவும் வேண்டாம், லிப்போசோமும் வேண்டாம். இன்னொரு சூட்சுமமும் உண்டு. ரத்த மாதிரியில் நொதியைச் சேர்த்து, ஒட்டியிருக்கும் குளுகுரோனைடையும் சல்பேட்டையும் கழற்றிவிட்டு மொத்தத்தையும் ‘குர்குமின்’ என்று எண்ணினால் எண்ணிக்கை எகிறும். கட்டுப்படாமல் தனியாகச் சுற்றும் குர்குமின் அதில் கொஞ்சம்தான். மடங்குக் கணக்கைக் காட்டுகிறவரிடம் எதோடு ஒப்பிட்டார்கள், தனிக் குர்குமினா மொத்தமா, மனிதர்களிலா எலிகளிலா, இதே தயாரிப்பிலா வேறொருவர் தயாரிப்பிலா என்று கேளுங்கள். என் ஆள் மூன்றாவது கேள்வியிலேயே ‘டைப்பிங்…’ காட்டிவிட்டுக் காணாமல் போனார்.

ஆய்வகச் சான்று கேட்டபோது ஒரு பி.டி.எப். வந்தது. ஈரப்பதம், கன உலோகம், கிருமி எண்ணிக்கை எல்லாம் இருந்தன. லிப்போசோம் என்று சொல்வதற்கு அவசியமான துகள் அளவு இல்லை, எவ்வளவு குர்குமின் உள்ளே அடைபட்டிருக்கிறது என்ற அளவும் இல்லை. அதிலிருந்த பேட்ச் எண்ணும் என் டப்பா எண்ணும் வேறு வேறு. விசாரித்தால் அது மூலப்பொருளுக்கு வாங்கிய சான்றாம்.

இனி அக்கா விஷயம். அவள் வலிப்புக்காகப் பல வருடமாக ஃபெனிடாயின் எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கும் மூட்டுவலி. “இயற்கையானதுதானே” என்று நான்தான் தினம் இரண்டு கொடுத்தேன். இரண்டாவது வாரத்தில் நடக்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். கண் முன்னால் எல்லாம் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். மருத்துவர் முதலில் கேட்டதே, “புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்பதுதான். அக்கா இல்லை என்றுவிட்டாள். மஞ்சள் கேப்சூல் அவள் கணக்கில் மருந்தே இல்லை. ரத்தத்தில் ஃபெனிடாயின் 26 என்று வந்தது, வழக்கமாக 10 முதல் 20க்குள் வைத்திருக்க வேண்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையிலிருந்த டப்பாவை எடுத்து நீட்டினேன்.

அவர் லேபிளில் ஒரு வரியைக் காட்டினார்: ‘உறிஞ்சல் ஊக்கிக் கூட்டு’. பெயர் இல்லை, அளவு இல்லை. விற்றவரை விடாமல் கேட்டதில், “அது பைப்பரின் சார், மிளகுதான்” என்றார். நான் சொன்ன 1998 ஆய்வில், 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது குர்குமின் அளவு 20 மடங்கு ஏறியது. அது குர்குமினைக் கரைப்பதில்லை. குடலும் கல்லீரலும் செய்யும் அந்த வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. தடுப்பது குர்குமினுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை, பல மருந்துகளை வெளியேற்றுவதும் அதே குடலும் கல்லீரலும்தானே. ஃபெனிடாயின், புரோப்ரனலால், தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் உயர்வது மனிதர்களிடமே பார்க்கப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு இதுதான் காரணம் என்று மருத்துவர் அடித்துச் சொல்லவில்லை. கேப்சூலை நிறுத்தச் சொன்னார், மாத்திரை அளவை மாற்றவில்லை. அடுத்த பரிசோதனையில் 17.

உறிஞ்சுதல் கூடினால் நல்லது மட்டும்தான் கூடும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். 2022இல் அமெரிக்காவில் மஞ்சள் சப்ளிமெண்டால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். சோதித்துப் பார்த்த 7 தயாரிப்புகளில் 3இல் பைப்பரின் இருந்தது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றில்லை, ஆனால் சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ அரிப்பு எடுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

‘வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் வேலை செய்யும்’ என்று ஒரு துண்டுச்சீட்டு வேறு வைத்திருந்தார்கள். கொழுப்பில் கரையும் பொருளுக்குப் பித்தநீர் சுரக்க வேண்டும், அதற்குக் கொஞ்சமாவது கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இந்த அடிப்படைகூடத் தெரியாதவர்களிடமா வாங்கினேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சீல் உடைந்துவிட்டதால் முடியாதாம். கேள்விகளையெல்லாம் சீலை உடைக்கும் முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், பேட்ச் எண்ணைப் படம் எடுத்து அந்த எண்ணுக்கான சான்றைத்தான் கேட்டிருக்க வேண்டும். வேறு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் லேபிளை முதலில் மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ‘கூட்டு’, ‘கலவை’, ‘ஊக்கி’ என்று பெயர் சொல்லாமல் எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு.

மீதி 22 கேப்சூலையும் டப்பாவோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடலின் படங்களையும் சேர்த்துப் புகார் அனுப்பியாயிற்று. பதில் வந்தால் எழுதுகிறேன்.