ஏணியா, கையேடா: ஆசிரியருக்கு எதில் இடம் அதிகம்?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு பெரிய மாற்றங்களைப் பார்த்துவிட்டன: செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும். பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம் என்றுதான் இரண்டுமே சொல்லின. அதை உள்ளூருக்கு ஏற்பத் திட்டமிட ஆசிரியருக்கு எதில் இடம் இருந்தது?

முதலாவது, ஆந்திரத்தின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அதைக் கற்றுவந்து, பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செய்து பழகும் தமிழ்ப் பயிற்சி அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. மற்ற ஊர் ஆசிரியர்களுக்கு வந்து சேர்ந்ததோ தயார் நிலையில் இருந்த அட்டைகளும் எந்த அட்டைக்குப் பிறகு எது என்று படிப்படியாகக் காட்டும், சுவரில் மாட்டுவதற்கான கற்றல் ஏணியும்தான். கடலோரப் பள்ளி ஆசிரியர் வலை, இறால், கட்டுமரம் என்று சொந்தமாக ஓர் அட்டை எழுதினால் அதற்கு ஏணியில் படி கிடையாது. ஆனாலும் ஒரு பெரிய வசதி இருந்தது. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். நான்கு வகுப்பும் ஒரே பாயில் உட்காரும் ஈராசிரியர் பள்ளிக்கு இது வரம்.

எண்ணும் எழுத்தும் 2022-23இல், கொரோனா கால இடைவெளியைச் சரிக்கட்ட வந்தது. பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர்கள், வகுப்புக்குள் பாடல் களம், கதைக் களம் என்று செயல்பாட்டு இடங்கள், கூடவே ஆசிரியர் கையேடு. புதிதாக வேலைக்கு வந்தவருக்குக் கையேடு பெரிய துணை, அதை மறுக்க முடியாது. கதைக் களத்தில் ஊர்க் கதையைச் சொல்லவும் தடையில்லை. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றியாக வேண்டும். செயலி கேட்பதைத்தான் வகுப்பும் நடத்தும், வேறென்ன செய்ய? நெட்வொர்க் இல்லாத மலைக்கிராமத்து ஆசிரியரின் திண்டாட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், பிள்ளைக்கு ஏணி நல்லது, புது ஆசிரியருக்குக் கையேடு நல்லது. அனுபவமுள்ள ஆசிரியருக்கு இரண்டிலுமே இடம் குறைவு. 2003இல் சென்னையில் நடந்த அட்டை எழுதும் வேலையை மட்டும் யாரும் பரவலாக்கவில்லை. அதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. சுற்றறிக்கை வாசிப்பதைக் குறைத்து, பருவத்துக்கு இரண்டு வாரப் பாடத்தை அந்த வட்டார ஆசிரியர்களே எழுதட்டும். அந்த இரண்டு வாரத்துக்குச் செயலியும் ஓய்வெடுக்கட்டும்.