கிழிக்கிற கலண்டரும் பெப்ரவரி மாதத்துக் கூத்துகளும்: ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

செட்டியார் தெருவில் நகை எடுத்தால் வருஷக் கடைசியில் ஒரு கலண்டர் கிடைக்கும், கொழும்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்தானே. அப்படி ஒரு கடையின் தினமும் தாள் கிழிக்கிற கலண்டர்தான் பல வருஷமாக எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினிச் சுவரில் தொங்குகிறது. கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். குறை சொல்லப் போகிறேன், ஆனால் அடுத்த டிசம்பரும் அங்கே போய்க் கை நீட்ட வேண்டும். போனிலேயே திகதி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘வரலாற்றில் இன்று’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதற்காக.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாள் மெல்லிசு, பேனையால் எழுதினால் மறுபக்கம் ஊறும், பென்சிலுக்குப் பரவாயில்லை. எங்கள் வீட்டு மீன் கணக்கு முழுக்கப் பழைய தாள்களின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே இருக்கிற தகரப் பட்டி கடற்காற்றுக்கு அரை வருஷம்கூடத் தாங்காது, துருப்பிடித்துவிடும், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிற எல்லா வீட்டுக்கும் உள்ள வியாதி இது. ஜனவரியில் கட்டு தடிப்பாக இருப்பதால் இழுத்தால் பாதித் தாள்தான் கையோடு வரும். பெப்ரவரி பிறக்கும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ராகு காலமும் திதியும் அம்மா பார்ப்பார், பாடசாலை லீவு மகள் பார்ப்பாள், போயா, அதாவது பௌர்ணமி லீவு, எந்தக் கிழமையில் விழுகிறது என்று நான் பார்ப்பேன், அந்த அடி வரியை மட்டும் யார் முதலில் வாசிப்பது என்று தினமும் சண்டை.

சண்டை போடுகிற அளவுக்கு அந்த வரியில் ஒன்றும் இருப்பதில்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. இன்னார் பிறந்தார், இன்னார் இறந்தார், இன்ன உடன்படிக்கை கையெழுத்தானது, அவ்வளவுதான். கதையை யாரோ வேண்டுமென்றே உருவி எடுத்துவிட்டு எலும்பை மட்டும் அச்சடித்த மாதிரி. வாசித்துவிட்டு, அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று நாங்களே தேடிப் பார்க்க வேண்டும். அப்படித் தேடித் தேடி நான் கண்ட முடிவு, இந்தக் கலண்டரின் திறமையைப் பார்க்கிறதென்றால் பெப்ரவரியில் பார்க்க வேண்டும். ஆகக் குட்டி மாதம், ஆனால் திகதி விஷயத்தில் இவ்வளவு தில்லுமுல்லு நடந்த மாதம் வேறு இல்லை.

மாதத் தொடக்கத்திலேயே ஒரு பொய். ஓகஸ்டஸ் சீசர் தன் பெயரில் உள்ள மாதத்துக்கு 31 நாள் வேண்டும் என்று பெப்ரவரியிடமிருந்து ஒரு நாளைப் பறித்தார் என்று அடிக்கடி போடுகிறார்கள். பாவம் மனிதர், அதைச் செய்யவே இல்லை. அவர் வருவதற்கு முன்பே பெப்ரவரிக்கு 28 நாள்தான், இந்தப் பறிப்புக் கதை 13ஆம் நூற்றாண்டில் ஒரு படிப்பாளி எழுதிவைத்தது. உண்மைக் காரணம் இன்னும் சாதாரணமானது. பழைய ரோமர்களுக்கு வருஷம் மார்ச்சில் தொடங்கும், பெப்ரவரி கடைசி, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு மிஞ்சின பாயாசம்தான் கிடைக்கும். ஜூலியஸ் சீசர் வந்து எல்லாவற்றையும் சரி செய்யப்போய் கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாளுக்கு இழுத்துவிட்டார். அந்த வருஷம் வீட்டு வாடகையை எப்படிக் கணக்குப் பார்த்தார்களோ, கொழும்பு வீட்டுக்காரர்கள் யாரும் அங்கே இருந்திருந்தால் 15 மாதத்துக்கு வாங்கியிருப்பார்கள்.

ஆனால் பெப்ரவரியை வைத்து விளையாடியதில் முதல் பரிசு சுவீடனுக்குத்தான். ஐரோப்பாவில் பல நாடுகள் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டுப் புதிய கிரகோரியன் நாட்காட்டிக்கு ஒரேயடியாகத் தாவின, பழைய கணக்கு பின்தங்கிப்போன நாட்களை வெட்டி எறிந்தன. சுவீடன்காரர்களுக்கு அது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். ஆறுதலாகப் போவோம், 1700இலிருந்து 40 வருஷத்துக்கு லீப் நாளை விட்டுவிட்டு வருவோம், தன்பாட்டில் சரிவரும் என்று திட்டம் போட்டார்கள். 1700இல் பெப்ரவரி 29ஐ விட்டார்கள். அதற்குள் ரஷ்யாவோடு சண்டை வந்துவிட்டது, 1704இலும் 1708இலும் லீப் நாளை விடுவதற்கு மறந்துபோனார்கள். விளைவு, பழைய கணக்குக்கு ஒரு நாள் முன்னாலும் புதிய கணக்குக்குப் பத்து நாள் பின்னாலுமாக, உலகத்தில் வேறு யாரோடும் பொருந்தாத திகதியில் ஒரு முழு நாடு உட்கார்ந்திருந்தது. கடைசியில் மன்னர் பன்னிரண்டாம் சார்ள்ஸ், வேண்டாம் சாமி, பழையதற்கே போவோம் என்று முடிவெடுத்தார். விட்ட நாளைத் திருப்பிச் சேர்க்க வேண்டுமே? 1712 ஏற்கனவே லீப் வருஷம், 29 இருக்கிறது. அதனால் 30 போட்டார்கள். பெப்ரவரி 30, 1712, சுவீடனில் நிஜமாகவே விடிந்து இருட்டிய நாள். போதாக்குறைக்கு 1753இல் கடைசியாகப் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது பெப்ரவரி 17க்கு அடுத்த நாள் மார்ச் 1. மாதச் சம்பளக்காரர்கள் அந்த மாதத்தைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார்கள்.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அம்மா சிரிக்கவே இல்லை. ஏன் சிரிக்க வேண்டும்? வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நேரம், திருக்கணிதத்தில் இன்னொரு நேரம் என்று எங்கள் சித்திரை வருஷம் இரண்டு தரம் பிறக்கிறது, மருத்துநீர் எப்போது வைப்பது என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. சுவீடன்காரர்கள் எங்கள் ஆட்கள் என்றுதான் அம்மாவின் அபிப்பிராயம்.

பஞ்சாங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது, 29ஆம் திகதித் தாள். லீப் வருஷத்தில் மட்டும் வருவது. போன 2024இல் ‘1504: சந்திர கிரகணம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா, அதற்குப் பின்னால் இருக்கிற கதை தெரியுமா? கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில், கப்பல் பலகையைப் புழு அரித்து ஓட்டையாக்கிவிட, 1503 ஜூனில் யமேக்காக் கரையில் மாட்டிக்கொண்டார். அந்த ஊர்ச் சனங்கள் முதலில் சாப்பாடு கொடுத்தார்கள், மாதக்கணக்கில் எழும்பிப் போகாத விருந்தாளிக்கு யார்தான் தொடர்ந்து போடுவார்கள், நிறுத்திவிட்டார்கள். கொலம்பஸின் கையில் ரெஜியோமொன்டானஸ் என்ற ஜெர்மன் வானியலாளரின் பஞ்சாங்கம் இருந்தது. அதில் 1504 பெப்ரவரி 29 இரவு கிரகணம். ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டு, எங்கள் கடவுளுக்கு உங்கள்மேல் கோபம், இன்றைக்கு நிலா எப்படி வருகிறது பாருங்கள் என்றார். நிலா மங்கிச் சிவந்தது, சனம் அலறிக்கொண்டு சாப்பாட்டோடு ஓடிவந்தது. மனிதர் நான் கடவுளோடு கதைத்துவிட்டு வருகிறேன் என்று அறைக்குள் போய் மணற்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார், கிரகணம் விடுகிற நேரம் வெளியே வந்து, மன்னித்தாயிற்று என்றார். இதை எழுதிவைத்தது அவருடைய மகன், ஆகவே அப்பாவுக்குச் சாதகமாகக் கொஞ்சம் மெருகு இருக்கலாம். எதுவானாலும் பஞ்சாங்கத்தால் இவ்வளவு பிரயோசனம் எடுத்தவர் வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் அதை வைத்து ஒரு பிளேன்டீகூட வாங்க முடிவதில்லை.

இந்த 29ஆம் திகதிக்காரர்களில் மொரார்ஜி தேசாயும் ஒருவர். பிறந்தது 1896. நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் என்பதே கஷ்டம், நூறால் வகுபடுகிற வருஷம் 400ஆலும் வகுபட்டால்தான் லீப் என்ற கணக்கில் 1900 லீப் வருஷம் இல்லாமல் போனதால் அவருக்கு முதல் சரியான பிறந்தநாள் எட்டு வயதில்தான் வந்தது. இந்தியாவின் பிரதமராக வந்ததும் 81 வயதில்தான், காத்திருந்து பழகியவர்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம். பெப்ரவரி நடுப்பகுதித் தாள்களில் கொழும்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1796 பெப்ரவரி நடுவில் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தார்கள், பெரிதாகச் சண்டையே இல்லாமல். கோட்டை ஏன் அவ்வளவு லேசாக விழுந்தது என்பதற்குப் பல காரணம் உண்டு, அதில் ஒன்று சீஸ். ஒல்லாந்துக் கம்பனிக்காக இங்கே காவல் நின்றது டி மியூரோன் என்ற சுவிஸ் கூலிப்படை. படை இங்கே, படையின் சொந்தக்காரர் சார்ள்ஸ் டி மியூரோன் பிரபுவோ ஐரோப்பாவில், நூஷாடெலில். ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்த ஹியூ கிளெக்கோர்ன் என்ற பேராசிரியர் 1795இல் நேரே அந்தப் பிரபுவிடம் போய், படையை அப்படியே பிரித்தானியாவுக்குத் தாருங்கள் என்று பேசி முடித்துவிட்டார். சரி, இதைக் கொழும்பில் படைக்குத் தலைமை தாங்கிய தம்பி பியருக்கு எப்படித் தெரியப்படுத்துவது? கோட்டைக்குள் போகிற கடிதத்தை ஒல்லாந்தர் பிரிப்பார்கள். ஒரு சீஸ் கட்டிக்குள் கடிதத்தை ஒளித்து அனுப்பினார்கள் என்று கதை. நத்தாருக்குப் பறங்கியர் வீடுகளில் புரூடர் கேக்கோடு வெட்டி வைப்பார்களே சிவப்புத் தோல் போட்ட உருண்டைச் சீஸ், அந்த இனம் என்றுதான் சொல்வார்கள். படை கட்சி மாறியது, ஆளுநர் வான் அங்கல்பேக் கையில் பாதுகாப்பு மெலிந்துபோனது, சில மாதத்தில் கோட்டையும் போனது. சீஸ் அனுப்பிய பேராசிரியர் பிறகு இங்கேயே வந்து இலங்கையின் முதல் குடியேற்றச் செயலாளராக (கொலோனியல் செக்ரட்டரி) உட்கார்ந்தார். வரலாறு படித்தால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் கவனிக்கவும்.

இப்படிப்பட்ட கதை கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் காலடியில் கிடக்கிறது, கலண்டரில் அந்த இடத்தில் எங்கேயோ ஒரு தூரதேசத்துப் பாராளுமன்றம் கலைக்கப்பட்ட செய்தி. 28ஆம் திகதி மட்டும் சேர். சி. வி. ராமன் தவறாமல் வருவார், 1928இல் ராமன் விளைவைக் கண்ட நாள், இந்தியாவில் தேசிய அறிவியல் தினம். திருச்சியில் பிறந்தவர், சந்தோஷம்தான், ஆனால் இந்த வரிகளைச் சிவகாசிப் பக்கம் யாரோ மொத்தமாகத் தொகுத்துக் கொடுக்க, இங்கே தலைப்பில் கடைப் பெயரை மட்டும் ஒட்டுகிறார்களோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

18ஆம் திகதித் தாளில் ‘1930: ஒன்பதாவது கோள் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது’ என்று இருக்கும். கிளைட் டோம்போ என்ற 24 வயதுப் பெடியன் படத்தட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது, அதெல்லாம் சரி, 2006இல் அதைக் கோள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்களே, இன்னும் அறிவிக்கவில்லையா உங்களுக்கு? அதே திகதியில் 1815இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிரித்தானியரிடம் பிடிபட்டான், அதுவும் தாளில் இல்லை. இன்னொன்றும் இல்லை: புளூட்டோவைக் கண்ட அதே நாள், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விமானக் கண்காட்சிக்காக ஒல்லி என்ற பசுவை விமானத்தில் ஏற்றி, பறக்கும்போதே பால் கறந்து, கடதாசிப் பெட்டிகளில் அடைத்து பரசூட்டில் கீழே போட்டார்கள். வானத்தில் பால் கறந்த முதல் பசு என்று பெயர். புளூட்டோவின் பதவி போய்விட்டது, ஒல்லியின் பதவியை இன்றுவரை யாரும் பறிக்கவில்லை.

14ஆம் திகதி காதலர் தினம் மட்டும்தான் போடுவார்கள். 1876இல் அதே நாள் கிரஹம் பெல்லின் விண்ணப்பமும் எலிஷா கிரேயின் முன்னறிவிப்புப் பத்திரமும் தொலைபேசிக்காக அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்து, யார் முதலில் என்று சண்டை பிடித்ததை விட்டுவிட்டார்கள். அடுத்த நாள், 1971 பெப்ரவரி 15இல், பிரித்தானியா ஒரு பவுணுக்கு 240 பென்ஸ் என்ற கணக்கைக் கைவிட்டு 100 என்று மாற்றியது. எங்களுக்கு ரூபாயும் சதமும் 1872இலேயே வந்துவிட்டது. ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்களின் சில்லறைக் கணக்கைப் பிடிக்க 99 வருஷம் எடுத்திருக்கிறது.

4ஆம் திகதி சுதந்திர தினம், சிவப்பு எழுத்து, கொடி, 1948. கடந்து போகலாம். எனக்கு அதைவிட முக்கியம் வழக்கமாகப் பெப்ரவரியில் வருகிற நவம் போயா. 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு லீவே இல்லை, பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைநிலா என்று மாதத்துக்கு நாலு போயா, அந்தப் போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் வார விடுமுறை, நிலா இழுத்த இழுப்புக்கு வாரம் சிலவேளை எட்டு நாளாகும். வெளிநாட்டோடு வியாபாரம் செய்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள் என்று பெரியப்பா சொல்வார். அதைவிடக் கொடுமை 2018 பெப்ரவரி. ஜனவரி முதலாம் திகதி ஒரு போயா, 31ஆம் திகதி இன்னொன்று, அடுத்தது மார்ச் 1. பெப்ரவரிக்கு ஒன்றுமே இல்லை. அந்த மாதத் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், அச்சுப்பிழையாக இருக்கும் என்ற நம்பிக்கையில்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்க முடியாது, நகை எடுத்தால்தான் தருவார்கள், இன்றைய பவுண் விலைக்கு இதுதான் உலகத்திலேயே விலை கூடிய கலண்டர். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் ராகு காலத்துக்கு நம்பலாம், போயாவுக்கு நம்பலாம், வரலாற்று வரியை ஒரு நூல் முனையாக மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நீங்களே இழுத்துப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது, பிள்ளைகளை வைத்து வாசிப்பிக்க வேண்டும். கடைக்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இடம் பத்தாது என்று சொல்லாதீர்கள், தாளில் பாதியை உங்கள் ஆரத்தின் படம்தான் பிடித்திருக்கிறது, அதைக் கொஞ்சம் ஒதுக்கி 16ஆம் திகதிக்குச் சீஸையும் 18ஆம் திகதிக்குப் பசுவையும் போடுங்கள்.