எவோ 10: வளைவில் மிதித்தால்தான் திரும்பும்

நான்கு சக்கரமும் இழுக்கும் செடான் என்றால் நேர்ச்சாலையில் பறக்கும், வளைவில் முரண்டு பிடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10 விஷயத்தில் அதில் பாதிதான் உண்மை.

2 லிட்டர் டர்போ இன்ஜின் முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, எடையும் அங்கேதான் அதிகம். வளைவுக்குள் வேகமாகப் போய்விட்டால் முன் டயர்கள் கீச்சிட்டுக்கொண்டு வெளியே வழுக்கும். அப்போது ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவது வீண், டயர்தான் தேயும். பிரேக்கைச் சட்டென்று விடாமல், திரும்பும்போதும் லேசாக மிதித்தபடியே போனால் மூக்கு உள்ளே வரும்.

அப்புறம்தான் வேடிக்கை. வளைவின் உள்முனையைத் தொடும் முன்பே ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஏஒய்சி (ஆக்டிவ் யா கன்ட்ரோல்) என்ற அமைப்பு, வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் முறுக்குவிசையை அனுப்பும். கார் தானாகவே உள்ளே சுழல்வது இடுப்பில் தெரியும், கையிலிருக்கும் ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டே வெளியேறலாம். பின்சக்கர இழுவைக் காரில் இவ்வளவு சீக்கிரம் மிதிக்க எனக்குத் தைரியம் வராது. பயந்து நடுவில் காலை எடுத்தால் மட்டும் பின்பக்கம் ஆடும், எடுக்காதீர்கள்.

நான்கு சக்கர இழுவைக்கான மோடுகளில், காய்ந்த டிராக்குக்கு டார்மாக் (தார்ச்சாலை), ஈரமென்றால் கிராவல் (சரளை). மேனுவலில் 5 கியர்தான். வளைவு நிறைந்த டிராக்கில் அது ஒரு குறையாகவே தெரியாது, நீண்ட நேர்ச்சாலையில் ஆறாவதைத் தேடிக் கை போகும்.