பதினொரு குளிர்காலங்களும் ஒரு பழைய வீல் ஹார்ஸும்: ஸ்னோ புளோயர் பூட்டிய தோட்ட டிராக்டருடன் என் அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பாரி நகருக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதி ஜார்ஜியன் விரிகுடாவின் பனிப்பட்டைக்குள் வருகிறது. இன்னும் உறையாத ஏரி நீரின்மேல் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறி, அதைப் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். டொராண்டோவில் வெயில் அடிக்கும் நாளில்கூட எங்கள் வாசலில் முழங்கால் அளவு பனி கிடப்பதுண்டு. வீட்டிலிருந்து சாலை வரை 70 மீட்டர் நீளத்துக்குச் சரளைக்கல் பாதை. அந்தப் பாதையைப் பதினொரு குளிர்காலங்களாக நான் துப்புரவு செய்துவருவது, 1976ஆம் ஆண்டில் தயாரான வீல் ஹார்ஸ் சி-120 என்ற தோட்ட டிராக்டரையும் அதன் முன்னால் பூட்டிய 42 அங்குல அகல ஸ்னோ புளோயரையும் (பனியை அள்ளித் தூர எறியும் கருவி) கொண்டுதான். இத்தகைய வண்டியை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீல் ஹார்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரில் பாண்ட் குடும்பத்தாரால் தொடங்கப்பட்டது. 1974இல் அதை அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனம் வாங்கியது. 1986இல் அது டோரோ என்ற புல்வெட்டும் இயந்திர நிறுவனத்தின் கைக்குப் போனது. என் வண்டி அந்தக் கார் நிறுவனக் காலத்தைச் சேர்ந்தது. அதன் என்ஜின் கோலர் கே-301: ஒரே சிலிண்டர், 12 குதிரைத்திறன், ஏறத்தாழ 476 சி.சி. கொள்ளளவு, பிளாக் முழுவதும் வார்ப்பிரும்பு. வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில் இருப்பதால், தலைப்பகுதியைக் கழற்றினாலே பாதி என்ஜின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு நாக்கு ஆயிலை வாரி இறைத்தே எல்லாப் பாகங்களையும் நனைக்கிறது. ஆகவே ஆயில் அளவு குறைந்தால் முதலில் போவது அந்த ராடுதான். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும் ஆயில் அளவைப் பார்ப்பது எனக்குக் காலையில் பல் துலக்குவதைப்போல் ஆகிவிட்டது.

புளோயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாலைப் பனியைச் சுழற்றி எறியும் வாகனத்தை 1925இல் கட்டியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட். மொன்றியலை அடுத்திருந்த ஊட்ரமாண்ட் நகராட்சி 1927இல் அவரிடமிருந்து ஒன்றை வாங்கியது. இன்று கையால் தள்ளும் பெரிய வகைகளில் பனியைச் சேகரிக்க ஒரு திருகும் அதை வெளியே வீச ஒரு விசிறியுமாக இரண்டு கட்டங்கள் இருக்கும். என்னிடம் உள்ளது ஒற்றைக் கட்டம். ஒரே திருகுதான் பனியை இரு பக்கங்களிலிருந்தும் நடுவுக்கு இழுத்து, அதே வேகத்தில் மேலே உள்ள வெளியேற்றும் குழாய்க்குள் எறிகிறது. இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் திருகின் வேகத்திலேயே அடங்கியிருக்கின்றன. வேகம் குறைந்தால் பனி குழாயின் கழுத்திலேயே நின்று இறுகிவிடும்.

முதல் குளிர்காலத்தில் இது புரியாமல் மிகவும் துன்பப்பட்டேன். ஈரப்பனி விழுந்த நாளில், வண்டிக்குச் சிரமம் வேண்டாம் என்று எண்ணி, என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைப் பாதியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைக் கடித்தேன். பத்தடிக்கு ஒருமுறை குழாய் அடைத்துக்கொண்டது. உண்மையில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: என்ஜினை முழு வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளில் ஓடவிட்டு, புளோயரின் வாய் நிறையப் பனியை ஊட்ட வேண்டும். பின்னால் வரும் பனி முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டே போவதால் குழாய் தானே சுத்தமாகிறது. குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கிய நாளில் விழும் மாவுபோன்ற பனியை இது எட்டு மீட்டர் தூரம் வீசுவதைப் பார்ப்பது இன்றைக்கும் எனக்குத் தீராத மகிழ்ச்சி. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப்பனியில் மூன்று மீட்டர் வந்தாலே பெரிது. குழாயின் உட்புறத் துருவைத் தேய்த்தெடுத்து, வழவழப்பான பெயின்ட் அடித்து, அதன்மேல் மெழுகு பூசியபின் அந்த அடைப்பில் பெரும்பகுதி தீர்ந்தது.

இந்த வண்டியில் முன்னோக்கி ஆறு கியர்களும் பின்னோக்கி இரண்டும் உள்ளன. பனிக்கு நான் பயன்படுத்துவது தாழ்நிலை முதல் கியரும் இரண்டாம் கியரும் மட்டுமே. கனமான பனிமேடு எதிர்ப்படும்போது கிளட்ச் பெடலை மிதித்தால் சக்கரங்கள் நிற்கும். புளோயர் மட்டும் தன் போக்கில் சுழன்று வாயிலிருப்பதை விழுங்கி முடிக்கும். பிறகு பெடலை மெல்ல விட வேண்டும். ஹைட்ராலிக் இயக்கம் கொண்ட வண்டிகளில் ஒரு நெம்புகோலாலேயே வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதால், பனி வேலைக்கு அவையே வசதியானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கியர் பெட்டியை நானே திறந்து மூட முடிகிறது. அந்த ஒரு காரணத்துக்காக முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்.

முன்னால் புளோயர் தொங்குவதால் பின்சக்கரங்களின் பிடி குறைந்துவிடும். ஒவ்வொரு பின்சக்கரத்திலும் 25 கிலோ எடைக்கட்டை பூட்டி, டயர்களுக்குச் சங்கிலி மாட்டினால்தான் வண்டி நேராகப் போகும். டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்புவது இங்கே பழைய வழக்கம். ஆனால் சிறு கசிவு ஏற்பட்டாலும் அது இரும்பு ரிம்மை அரித்துவிடும். என் வண்டியின் முந்தைய உரிமையாளர் அப்படி நிரப்பியிருந்ததால் இரண்டு ரிம்களையும் மாற்ற நேர்ந்தது. சரளைப் பாதைக்கு இன்னொரு ஏற்பாடும் தேவை. புளோயரின் இருபுறமும் உள்ள சறுக்குக் கட்டைகளை இறக்கி, வெட்டுத்தகடு தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்படி வைக்க வேண்டும். முதல் இரண்டு பனிகளை எடுக்காமல் வண்டியால் மிதித்து இறுக்கிவிட்டால், அது உறைந்து சிமென்ட் தளம்போல் ஆகும். அதன்பின் கற்கள் புளோயருக்குள் வருவதில்லை.

பழுதுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது மூன்றாம் குளிர்காலத்தில் நடந்தது. ஜனவரியில், மைனஸ் 22 பாகை குளிரில், என்ஜின் எளிதாக ஸ்டார்ட் ஆகியும் கியர் கம்பி அசையவே இல்லை. கியர் பெட்டியின் வடிகால் திருகைக் கழற்றினால் ஒரு சொட்டு ஆயிலும் வரவில்லை. துளையை ஐஸ் அடைத்திருந்தது. கொட்டகையில் ஹீட்டர் வைத்து ஒரு நாள் முழுக்கச் சூடேற்றியபின் முதலில் தண்ணீர் வந்தது, பிறகு பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தது. கியர் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறை நாற்பது ஆண்டு வயதில் வெடித்திருந்தது. வண்டியின்மேல் விழுந்து உருகிய பனி அந்த வெடிப்பின் வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி இருமுறை கழுவி, புதிய உறை மாட்டி, இரண்டு குவார்ட் (ஏறத்தாழ இரண்டு லிட்டர்) எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில் நிரப்பினேன். பற்சக்கரங்களுக்குச் சேதமில்லை. அன்றுமுதல் ஒவ்வோர் அக்டோபரிலும் வடிகால் திருகைச் சற்றே தளர்த்திப் பார்க்கிறேன். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தால் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். பழைய வீல் ஹார்ஸ் வாங்கச் செல்பவர் என்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் அந்த ரப்பர் உறையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி அமைப்பின் பழுதுகள் எளியவை. ஆனால் பொறுமையைச் சோதிப்பவை. இந்த என்ஜினில் மின்னணுப் பெட்டி எதுவும் கிடையாது. பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் ஆகிய நான்கே பாகங்கள்தாம். கோடை முழுவதும் ஈரமான கொட்டகையில் நின்றால் பாயிண்டின் முனைகளில் மெல்லிய பூஞ்சைபோல் ஒரு படலம் படரும், பொறி வராது. மெல்லிய அரத்தால் ஒருமுறை இழுத்துத் துடைத்து, ஃபீலர் கேஜ் என்ற அளவுத்தகடு வைத்து 0.020 அங்குல இடைவெளி அமைத்தால் சரியாகிவிடும். பிளக்கின் இடைவெளி 0.035 அங்குலம். ஒரு பிப்ரவரியில் இருபது நிமிடம் ஓடியதும் என்ஜின் திணறி நிற்கத் தொடங்கியது. காயில், பெட்ரோல் வடிகட்டி, கார்புரேட்டர் என்று வரிசையாகச் சந்தேகித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். கடைசியில் குற்றவாளி, இரண்டு வாரங்களுக்கு முன் நான் புதிதாகப் போட்ட கண்டென்சர் என்று தெரிந்தது. கழற்றிப் பெட்டியில் வைத்திருந்த பழைய கண்டென்சரை மறுபடி பூட்டினேன். அது இன்றும் வேலை செய்கிறது. நன்றாக ஓடும் பழைய பாகத்தைப் புதியது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றக்கூடாது என்று அதற்குப்பின் முடிவெடுத்தேன்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதிகமாக இழுத்துவிட்டால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். அது கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் புகுந்தால் அந்தக் காலைப்பொழுது போயிற்று. நான் டாங்கை எப்போதும் நிறைத்து வைப்பேன். ஏப்ரலில் வேலை முடிந்ததும் டாங்கையும் கிண்ணத்தையும் முழுக்க வடித்துவிடுவேன். என்ஜின் ஆயில் குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-30, கோடையில் புல்வெட்டும் காலத்துக்கு எஸ்.ஏ.இ. 30. காற்று நம்மை நோக்கி வீசும் நாளில் எறிந்த பனியே தூளாகத் திரும்பி வந்து காகித ஏர் ஃபில்டரை நனைத்து உறையவைக்கும். சோக் இழுத்ததுபோல் கறும்புகை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மாற்று ஃபில்டர் ஒன்றை வீட்டுக்குள் சூட்டில் வைத்திருப்பது நல்லது.

ஒன்பதாம் ஆண்டில் என்ஜின் நீலப்புகை கக்கத் தொடங்கியது. கோடையில் அதை இறக்கிப் பிரித்து, சிலிண்டரைப் பட்டறையில் ஒரு படி பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்குகளும் புதிய ராடும் போட்டேன். இந்த வரிசை என்ஜின்கள் பலவற்றில் அதிர்வைக் குறைப்பதற்காக உள்ளே வைக்கப்பட்ட சமநிலைப் பற்சக்கரங்கள் உண்டு. வயதான பின் அவை உடைந்தால் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும் என்பதால், பிரிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். நானும் எடுத்தேன். அதிர்வு சற்றே கூடியது. என் தூக்கம் நன்றாயிற்று. பாகங்களும் பட்டறைக் கூலியும் சேர்த்து, டிராக்டரையும் புளோயரையும் வாங்கிய 900 டாலருக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆனது.

புளோயரில் தேய்பவை பெல்ட், செயின், திருகின் இரு முனைப் பேரிங்குகள். சாலைத் துப்புரவு வண்டி எங்கள் பாதையின் வாயில் தள்ளிவிட்டுப் போகும் பனிமேட்டில் எது புதைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை உறைந்த செய்தித்தாள் சுருள் ஒன்று திருகில் மாட்டியது. பெல்ட் வழுக்கிப் புகைவது தெரிந்தும் நொடிநேரம் தயங்கிவிட்டேன். பெல்ட் எரிந்து, செயினும் பற்களிலிருந்து குதித்தது. தவறு முழுவதும் என்னுடையது. ஒரு பெல்ட்டை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி மிகக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். வண்டி என்னிடம் வந்தபோது, கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆவதைத் தடுக்கும் சுவிட்சின் ஒயர்களை யாரோ முறுக்கி இணைத்திருந்தார்கள். பழைய வண்டிகளில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. முதல் நாளிலேயே நான் அதைச் சரிசெய்தேன். அடைத்த குழாய்க்குள் கை விடவே கூடாது. என்ஜினை நிறுத்தியபின்னும் இறுகிய பெல்ட்டின் முறுக்கு விடுபட்டுத் திருகு கால்வட்டம் சுழலக்கூடும், ஒரு விரலுக்கு அது போதும். அடைப்பெடுக்கும் கழி ஒன்றைப் புளோயரின் மேலேயே கட்டி வைத்திருக்கிறேன். கொட்டகைக்குள் என்ஜினைச் சூடாக்கும்போது கதவு முழுதும் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் போதும், மற்றதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை என்பவருக்கு இவ்வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் புதிய இரண்டு கட்ட இயந்திரத்தை வாங்குவதே முறை. ஆண்டுக்கு இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி, கையைக் கறையாக்கிக்கொள்ளத் தயங்காதவருக்கு இதைவிட நம்பிக்கையான துணை கிடைப்பது அரிது. கேஸ்கெட், ரிங், பாயிண்ட், பேரிங், சீல் ஆகியவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. கிடைக்காத தகடுகளை வெட்டிப் பற்றவைத்துவிடலாம். பதினொரு ஆண்டுகளில் பனி விழுந்தும் பாதையைத் திறக்க முடியாமல்போன நாட்கள் நான்கு. அவற்றில் மூன்று, அக்டோபரில் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்க்காமல் விட்டதால் வந்தவை.

இந்த ஆண்டு வடிகால் திருகிலிருந்து சுத்தமான ஆயில் வந்தது. புளோயர் திருகின் இடப்பக்கப் பேரிங்கில் கையால் ஆட்டினால் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருக்கிறது. புதிய பேரிங் மேசைமேல் வந்து கிடக்கிறது. சனிக்கிழமை மாற்ற வேண்டும்.