"ரேம்ப் இருக்குக்கா வாங்க"ன்னாங்க, 16,800 ரூபா போச்சு. வீல்சேர்ல இருக்கவங்க ஜிம்ல காசு கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சுருங்க

ரொம்ப கோவத்துல எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து சாயங்காலம்தான் அந்த ஜிம்காரங்ககிட்ட கடைசியா பேசினேன், "மேடம் இனிமே இந்த நம்பருக்கு கூப்டாதீங்க"ன்னு சொல்லி கட் பண்ணிட்டாங்க. ராத்திரி பூரா தூக்கமில்ல. 16,800 ரூபா. ஒரே தடவையா ஜிபேல போட்டேன்.

எனக்கு 2017ல ஆக்சிடென்ட், வண்டில பின்னாடி உக்காந்து போனவ நான், தண்டுவடத்துல டி12ங்கற எடத்துல, அதாவது முதுகோட கீழ்ப்பகுதில அடி, இடுப்புக்குக் கீழ அசைவும் கிடையாது உணர்ச்சியும் கிடையாது. திருச்சி, திருவானைக்காவல்ல அம்மாகூட இருக்கேன். ஆரி ஒர்க், அதான் ப்ளவுஸ்ல போடற எம்ப்ராய்டரி பண்றேன், சாதா டிசைன்னா ஒரு ப்ளவுஸுக்கு 800 ரூபா. 16,800ன்னா 21 ப்ளவுஸ். அத்தன ப்ளவுஸுக்கு ஊசி குத்தி சேத்த காசு. கவர்மெண்ட்டு குடுக்கற பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000, அத எட்டு மாசம் தொடாம வச்சாக்கூட இந்தக் காசு வராது.

வசதி இருந்து ஜிம்முக்கு போகல. ரெண்டு தோளும் போச்சு எனக்கு. நடக்கறவங்களுக்கு கால் செய்யற வேலை எல்லாத்தையும் எங்களுக்கு தோள்தான் செய்யுது, கட்டில்லேர்ந்து சேருக்கு, சேர்லேர்ந்து பாத்ரூமுக்கு, சக்கரத்த தள்றதும் அதேதான், அதுக்கு மேல நாள் பூரா துணி மாட்டற சட்டத்து மேல குனிஞ்சு ஆரி வேலை. டாக்டர் சொன்னாரு, தள்ளித் தள்ளி முன்பக்க தசை மட்டும் இறுகிப்போச்சு, பின்பக்கம் பலமே இல்ல, அதனால இழுக்கற மாதிரி பயிற்சி செய்யணும், இல்லன்னா இன்னும் அஞ்சு வருஷத்துல சேருக்கு மாற்றதுக்குக்கூட ஆள் வேணும்னு. வெயிட்டும் 58லேர்ந்து 71 ஆயிருச்சு. எனக்கு பயமாயிருச்சு. பெரியாஸ்பத்திரில ஃபிசியோ ஃப்ரீதான், ஆனா வீட்லேர்ந்து ஆட்டோ போக வர 350 ரூபா, வாரத்துக்கு மூணு நாள்னா நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. பக்கத்துல பார்க் இருக்கு, அதுல கவர்மெண்ட்டு வச்ச எக்சர்சைஸ் மிஷின் எல்லாம் இருக்கு, ஆனா பைக் வரக்கூடாதுன்னு வாசல்ல கம்பி நட்டுருக்காங்க, பைக்கோட சேந்து என் வீல்சேரும் வெளியதான் நிக்கும். உள்ள போனாலும் அந்த மிஷின்ல பாதிக்கு மேல நின்னுட்டு செய்யறதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் ரீல்ஸ்ல அந்த ஜிம் விளம்பரம் வந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன், கேஸ் போடப்போறேன், அதனால. சிட்டிக்குள்ள மெயின் ரோட்டு மேல இருக்கற, ஏசி எல்லாம் போட்ட, நாலஞ்சு கிளை உள்ள ஜிம்னு வச்சுக்கோங்க. "எல்லாருக்குமான ஃபிட்னஸ், மாற்றுத்திறனாளிகளுக்கு 30% தள்ளுபடி"ன்னு போட்டுருந்தான். வாட்ஸ்அப்ல கேட்டேன், வீல்சேர் உள்ள வருமான்னு. "ரேம்ப் இருக்குக்கா, வாங்க, பாத்துட்டு முடிவு பண்ணுங்க"ன்னு ரெண்டே நிமிஷத்துல பதில்.

போனேன். ரேம்ப் இல்ல. வாசல்ல மூணு படி. அப்பவே ஆட்டோவ திருப்பியிருக்கணும். ஏன் திருப்பலன்னு நானே என்ன நூறு தடவ கேட்டுட்டேன், அதையும் சொல்லிடறேன். அந்த மேனேஜர் தம்பி வெளிய ஓடி வந்தான். வந்தவன் என் முன்னாடி குத்த வச்சு உக்காந்து, என் மூஞ்சியப் பாத்து, "அக்கா உங்களுக்கு எந்த லெவல்ல அடி, கை ஃபுல்லா வேலை செய்யுதா"ன்னு கேட்டான். எட்டு வருஷமா நான் எங்க போனாலும் சேர தள்றவங்ககிட்டதான் பேசுவாங்க. பேங்க்ல, நகைக்கடைல, கல்யாண வீட்ல, "இவங்களுக்கு என்ன ஆச்சு, இவங்க என்ன சாப்டுவாங்க"ன்னு என் தலைக்கு மேலயே பேச்சு போகும். இவன் என்கிட்ட கேட்டான். கண்ணுக்கு நேரா உக்காந்து கேட்டான். நம்பிட்டேன்.

பழைய ரேம்ப்ப உடைச்சுட்டோம், கொத்தனார்கிட்ட பேசியாச்சு, பத்து நாள்ல புதுசு வந்துரும்னான். கையால சுத்தற சைக்கிள் மிஷின் கோயம்புத்தூர்லேர்ந்து கிளம்பிருச்சுன்னான். பாத்ரூம் கேட்டேன், "அதெல்லாம் பெருசாதான்க்கா இருக்கு"ன்னான். ரெண்டு பசங்க சேரோட தூக்கி உள்ள வச்சாங்க, முன் ஹால மட்டும் பாத்தேன், பாத்ரூம் பக்கம் போகல. வருஷத்துக்கு 24,000, 30% போக 16,800, ஆனா இன்னைக்குள்ள கட்டணும், நாளைக்கு ஆஃபர் முடியுதுன்னான். கட்டினேன். ஃபாரத்த மடில வச்சே கையெழுத்து போட்டேன், பின்பக்கம் பொடி எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ இருந்துச்சு, படிக்கல. கட்டின கையோட என் கைல ரெண்டு கிலோ டம்பெல்ல குடுத்து, பின்னாடி அவங்க பேனர் தெரியற மாதிரி போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்தாங்க. "நாலு பேருக்கு தைரியம் வரும்க்கா"ன்னான். சரின்னுட்டேன்.

பத்து நாள் கழிச்சு போனா ரேம்ப்புன்னு ஒரு ப்ளைவுட் பலகைய சாச்சு வச்சுருக்காங்க. நாலு அடி நீளம். படி ஒண்ணு ஆறு இஞ்ச், மூணு படிக்கு 18 இஞ்ச் உயரம். ஒரு இஞ்ச் உயரத்துக்கு 12 இஞ்ச் நீளம் வேணும்ங்கறதுதான் ரேம்ப் கணக்கு, 1:12ன்னு சொல்வாங்க, அப்படின்னா 18 அடி ரேம்ப் வேணும். 18 அடி எங்க, நாலு அடி எங்க. பாதி ஏறினதும் சேர் முன்சக்கரம் தூக்கி பின்னாடி சாஞ்சுருச்சு, வாட்ச்மேன் ஐயா ஓடி வந்து பிடிச்சாரு, அவர் இல்லன்னா மண்டை உடைஞ்சுருக்கும்.

பாத்ரூம் கதவு 22 இஞ்ச், என் சேர் 25 இஞ்ச். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி டியூப் வச்சுதான் யூரின் எடுக்கணும், இது வெக்கப்படற விஷயம் இல்ல, தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க. பாத்ரூம் போக முடியாதுன்னு ஜிம் போற நாள்ல காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம போனேன். தண்ணி குடிக்கலன்னா இன்ஃபெக்ஷன் வரும்னு தெரியும், தெரிஞ்சும் கட்டின காச விட மனசு வரல.

மூணாவது நாள் நடந்ததுதான் மன்னிக்கவே முடியாதது. கை மிஷின் எதுவும் வரல, டிரெய்னர் பையன் என்ன மரக்கட்டை மாதிரி கெட்டியா இருந்த ஒரு பெஞ்சுல உக்கார வச்சு கயிறு இழுக்க விட்டான். என் குஷன போட்டுக்கறேன்னு சொன்னேன், "வழுக்கும் மேடம், வேணாம்"னான். நடுவுல உடம்ப தூக்கி அழுத்தம் குறைக்கணும்னு சொன்னா "ரெப்ஸ் முடிச்சுட்டு பண்ணிக்கலாம்"னான். நாப்பது நிமிஷம். எனக்கு அங்க உணர்ச்சி கிடையாது, வலிச்சா தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மா பாத்தா உக்கார்ற எலும்பு பக்கம் செவந்துபோயி, அழுத்தினாலும் வெளுக்கல. அதுதான் படுக்கைப்புண்ணோட ஆரம்பம். 12 நாள் குப்புறப் படுத்து கெடந்தேன். முகூர்த்த சீசன்ல ரெண்டு கல்யாண ப்ளவுஸ் ஆர்டர திருப்பிக் குடுத்தேன். கேட்டா "நீங்க மெடிக்கல் கண்டிஷன டிக்ளேர் பண்ணல மேடம்"னு சொல்றாங்க. வீல்சேர்ல வந்து உக்காந்துருக்கேன், இதுக்கு மேல என்னத்த டிக்ளேர் பண்றது?

ஒண்ணு கவனிச்சேன். காசு கட்டற வரைக்கும் "அக்கா". கட்டினதுக்கப்புறம் "மேடம்".

புண் ஆறினதும் ஒரு தடவ போனேன், பலகையக்கூட காணோம். மொத்தம் நாலு நாள் உள்ள போயிருக்கேன். ஒரு நாளைக்கு 4,200 ரூபா.

அப்புறம் ரீஃபண்ட் கேட்டு ஆரம்பிச்ச அலைச்சல். மொதல்ல "அடுத்த வாரம் ரேம்ப் ரெடி". அடுத்து "ஓனர் மீட்டிங்ல இருக்காரு". அப்புறம் "ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க". போட்டேன், மூணு மெயில், பதில் இல்ல. அப்புறம் "நான்-ரீஃபண்டபிள், காசு திரும்பக் கிடைக்காதுன்னு நீங்க சைன் பண்ணியிருக்கீங்க, வேணும்னா வேற யாருக்காவது மெம்பர்ஷிப்ப மாத்தி விடறோம்". அந்த மேனேஜர் தம்பிய கேட்டா அவன் வேலைய விட்டு போயிட்டானாம். இருக்கானா இல்லையான்னு யாருக்குத் தெரியும். மாற்றுத்திறனாளி சட்டம் இருக்குன்னு சொன்னேன், "அது கவர்மெண்ட் ஆபீஸுக்குத்தான் மேடம்"னு சொல்றான். பொய். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே, மக்களுக்கு சேவை குடுக்கற தனியாரும் நாங்க பயன்படுத்தற மாதிரி வசதி பண்ணணும்னு இருக்கு. கடைசியா நேத்து ஜிம்லேர்ந்து போன்ல பேசின அம்மா சொன்ன வார்த்தைதான் இன்னும் காதுல இருக்கு: "பாவமேன்னு டிஸ்கவுண்ட் குடுத்தோம், இப்ப எங்களையே மிரட்டறீங்களா".

பாவமேன்னா? என் போட்டோ இன்னைக்கும் அவங்க பேஜ்ல மேலயே பின் பண்ணி இருக்கு. 38,000 பேர் பாத்துருக்காங்க, கீழ எல்லாரும் கை தட்டறாங்க, சூப்பர் சிஸ்டர்ங்கறாங்க. அந்த ஜிம்முக்குள்ள என்னால தனியா நுழையவே முடியல, ஆனா நான் அங்க எக்சர்சைஸ் பண்ற மாதிரி போட்டோ ஊர் பூரா ஓடிட்டுருக்கு. அத எடுங்கன்னு நாலு தடவ எழுதிட்டேன். அந்த போட்டோவப் பாத்து என்ன மாதிரி இன்னொரு பொண்ணு போயி காசு கட்டிருவாளோன்னுதான் இத எழுதவே உக்காந்தேன், காசு போனதக்கூட விடுங்க, அதுதான் வயிறு எரியுது.

என்னென்ன பாக்கணும்னு வெலாவாரியா எழுதணும்னு நெனச்சேன், கை வலிக்குது, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். காச எடுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் வரைக்கும் உங்க சேர்லயே போயி பாருங்க, டேப் கொண்டு போங்க. "வரப்போகுது"ன்னு சொல்ற எதுக்கும் காசு கட்டாதீங்க, இருக்கறதுக்கு மட்டும் கட்டுங்க, அதுவும் மாசா மாசம். வாய்ல சொல்றத எல்லாம் வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க, என்கிட்ட இருக்கறது அந்த "ரேம்ப் இருக்கு" மெசேஜ் மட்டும்தான், அதுதான் இப்ப ஆதாரம். குஷன் இல்லாம எங்கயும் உக்காராதீங்க, யார் சொன்னாலும். போட்டோவுக்கு ஒத்துக்காதீங்க.

ஏமாந்துட்டீங்கன்னா 1915க்கு போன் பண்ணுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், நான் இன்னைக்கு காலைல பதிஞ்சுட்டேன். அதுல ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கும் போறேன், மாற்றுத்திறனாளி நல அலுவலர்கிட்ட எழுதிக் குடுக்கப்போறேன்.

எக்சர்சைஸுக்கு என்ன பண்றேன்னு கேப்பீங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே ஃபிசியோ வராங்க, நம்ம ஏரியா சுகாதார நிலையத்துல கேட்டா எழுதிப்பாங்க, எனக்கு இது முன்னாடியே தெரியாமப் போச்சு. அந்தக்கா 300 ரூபா ரப்பர் பேண்ட ஜன்னல் கம்பில கட்டி பின்னாடி இழுக்க சொல்லிக் குடுத்துருக்காங்க, டாக்டர் சொன்ன அதே இழுக்கற பயிற்சி. 300 ரூபா. அங்க குடுத்தது 16,800.

திருச்சில பச்ச சுடிதார்ல, வீல்சேர்ல, டம்பெல் பிடிச்ச பொண்ணு போட்டோ எந்த விளம்பரத்துலயாவது வந்துச்சுன்னா அது நான்தான். தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க, ஆணையத்துல குடுக்கணும்.