கிரில்லை அடைக்கும் நுரை உறை: ப்ரியஸுக்குக் குளிர்காலத்தில் தேவையா?

ஸ்பிளிட் ஏசியின் செம்புக் குழாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நுரை உறை இருக்குமே, அதுதான் இங்கே சரக்கு. அதை நீளவாக்கில் கீறி டொயோட்டா ப்ரியஸின் முன்கிரில் பட்டைகளில் மாட்டிவிட்டால் எஞ்சின் சூடு தங்கும், குளிரில் மைலேஜ் விழாது என்பது ப்ரியஸ் ஓட்டுபவர்களிடம் பல வருடமாகப் புழங்கும் கைவைத்தியம். பலன் உண்டா என்றால் உண்டு. ஆனால் பலரும் நினைக்கும் அளவுக்கு இல்லை, அவர்கள் நினைக்கும் காரணத்தாலும் இல்லை.

முதலில் நஷ்டக் கணக்கு. 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7 டிகிரியில், நகருக்குள் ஓட்டும்போது, சாதாரண பெட்ரோல் காரில் 15 சதவீதம் போலக் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ப்ரியஸ் போன்ற ஹைபிரிடில், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காரில், இழப்பு 30 முதல் 34 சதவீதம் வரை போகலாம். நல்ல எஞ்சின் என்பதே இங்கே வினையாகிறது. வீணாகும் வெப்பம் குறைவு என்பதால் ஹைபிரிட் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். சிக்னலில் அணைந்தால் இருக்கிற சூடும் இறங்கும். கூலன்ட் (எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவம்) 40 டிகிரியைத் தாண்டும்வரை வண்டி நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுமார் 70 டிகிரியைத் தொட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் அதைத் தாராளமாக அணைக்கும். ஹைபிரிடின் லாபமே எஞ்சின் அணைந்திருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த லாபம் கிட்டவே கிட்டாது.

நுரை உறை இந்தப் பத்து நிமிடத்தைச் சுருக்கிவிடும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே ஏறக்குறைய 82 டிகிரியில். அதுவரை கூலன்ட், கிரில்லுக்குப் பின்னால் காற்றில் அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் பக்கமே போகாது. போகாத இடத்தில் காற்றை மறித்து என்ன பயன்? ஆரம்பச் சூட்டைத் தின்பது ரேடியேட்டர் இல்லை, கேபின் ஹீட்டர். அதைப் பிறகு பார்ப்போம்.

உறை உதவுவது சூடேறிய பிறகு. ரேடியேட்டரைத் தாண்டி வரும் பனிக்காற்று எஞ்சின் பிளாக், ஆயில் பேன், கியர்பெட்டி எல்லாவற்றின் மேலும் நேராக அடிக்கிறது. அதை மறித்தால் எஞ்சின் அணைந்திருக்கும்போது கூலன்ட் மெதுவாக இறங்கும், திரும்ப ஸ்டார்ட் ஆவது தள்ளிப்போகும். இறக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் மணிக்கு 67 கிலோமீட்டருக்கு மேல் போனால் பெட்ரோல் நின்றாலும் எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கும். உள்ளே குளிர்ந்த காற்று, வெளியேயும் குளிர்ந்த காற்று. நீண்ட இறக்கம் முடிவதற்குள் கூலன்ட் மளமளவென்று இறங்கிவிடும்.

மாட்டுவது சுலபம், அளவில்தான் பிசகும். உறையின் உள்விட்டம் பட்டையின் கனத்தைக் கவ்வ வேண்டும். வெளிவிட்டம் இரண்டு பட்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அழுத்திச் செருகினால்தான் நிற்கும். லூசாக இருந்தால் நெடுஞ்சாலை வேகத்திலோ, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போதோ கழன்று விழும். இரண்டு ஓரத்திலும் ஒரு கேபிள் டை போடுவது நல்லது. கீழ்க்கிரில்லில் தொடங்குங்கள். முழுவதும் அடைக்க வேண்டாம், ஒரு வரிசையாவது திறந்திருக்கட்டும்: பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று இருக்கிறது, அதற்கும் காற்று வேண்டும். கண்ணாடிப் பனிமூட்டத்தைப் போக்கும் டிஃப்ராஸ்ட் பட்டனைப் போட்டால் ஏசி கம்ப்ரஸரும் ஓடும், அதன் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரும் அதே இடத்தில்தான்.

ஓபிடி மீட்டர் (காரின் பழுதறியும் சாக்கெட்டில் செருகினால் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ப்ரியஸின் டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் கிடையாது, எச்சரிக்கை விளக்கு மட்டுமே. அது எரியும்போது காரியம் கைமீறியிருக்கும். ஸ்கேன்கேஜ் மாதிரி ஒன்றோ, ப்ளூடூத் அடாப்டரும் செல்போன் செயலியுமோ போதும். கூலன்ட் 80-க்கும் 90-க்கும் நடுவில் நின்றால் கவலையில்லை. 95-ஐ எட்டினால், அல்லது ரேடியேட்டர் விசிறி அடிக்கடி ஓடினால், உடனே ஒரு வரிசையைக் கழற்றுங்கள். மலையேற்றத்துக்கு முன் எல்லாவற்றையும் கழற்றுவதே புத்திசாலித்தனம். வெளியே 10 டிகிரியைத் தாண்டினால் உறைக்கு வேலையே இல்லை. ரிசர்வாயரில் கூலன்ட் மட்டம் அடிக்கடி இறங்கும் வண்டியில் இதை மாட்டவே வேண்டாம். முதலில் அது எங்கே போகிறது என்று பாருங்கள்.

எந்த வண்டிக்கு என்பதும் முக்கியம். அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறையில் சூடான கூலன்ட்டை மூன்று லிட்டர் போலச் சேமித்து வைக்கும் வெற்றிடக் குடுவையே இருந்தது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை அதைக் கைவிட்டு, புகைக்குழாய் வெப்பத்தால் கூலன்ட்டைச் சூடாக்கியது. இந்த இரண்டுக்கும் நுரை உறை பொருந்தும். 2015 இறுதியில் வந்த நான்காம் தலைமுறையில் தானாகத் திறந்து மூடும் கிரில் ஷட்டர் இருக்கிறது, அதற்குத் தண்டச் செலவு.

இப்போது ஹீட்டர். கேபினுக்கு 24 டிகிரி கேட்டால், அந்தச் சூட்டைக் கொடுக்கவே எஞ்சின் ஓடும். 20 போதும், விசிறியையும் குறைத்து வையுங்கள். கூலன்ட் 50-ஐ எட்டும்வரை ஹீட்டரை அணைத்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது, கண்ணாடி தெளிவாக இருந்தால் மட்டும். சீட் ஹீட்டர் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், அது இழுக்கும் மின்சாரம் சொற்பம். டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள்: 5, 6 டிகிரி குளிர்ந்தாலே ஒரு பிஎஸ்ஐ குறைந்துவிடும்.

தொடக்கச் சூடுதான் உங்கள் பிரச்சினை என்றால் பணத்தை நுரையில் போடாமல், நிற்கும் வண்டியின் எஞ்சினை வீட்டு மின்சாரத்தில் சூடாக்கும் 400 வாட் பிளாக் ஹீட்டரில் போடுங்கள். கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு டைமரில் ஓடவிட்டால் ஒரு யூனிட் மின்சாரம் ஆகும், எஞ்சின் வெதுவெதுப்பாகவே ஸ்டார்ட் ஆகும். பொருத்துவதுதான் தலைவலி. எஞ்சினின் பின்புறம், கேபின் தடுப்பை ஒட்டி, கை நுழையாத இடத்தில் அதற்கான குழி இருக்கிறது. குழியின் துருவைத் துடைத்துவிட்டு, ஹீட்டர் மேல் வெப்பம் கடத்தும் கிரீஸை முழுவதும் பூச வேண்டும். கிரீஸ் இல்லாமல் செருகினால் சூடு பிளாக்குக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தேங்கி அது எரிந்துபோகும். வயரைப் புகைக்குழாய் மேல் படாமல் இழுத்துக் கட்டுங்கள். கிளம்பும்முன் பிளக்கைப் பிடுங்க மறக்க வேண்டாம்.