ஏற்காட்டில் மிளகு வாங்க ஒரு நல்ல கடை

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மிளகு வாங்காமல் மலை இறங்குவதில்லை. ஆனால் ஏரிப் பக்கம் ‘எஸ்டேட் மிளகு’ என்று ஒட்டி விற்கிற பாக்கெட்டைக் காட்டி எந்த எஸ்டேட் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் அக்கா நடத்தும் சின்ன மசாலாக் கடை இந்த விஷயத்தில் சுத்தம்.

மிளகு அங்கே இரண்டு மூட்டையாக இருக்கும். ஒன்றில் ‘ஏற்காடு’ என்றும் இன்னொன்றில் ‘இலங்கை’ என்றும் அட்டையில் எழுதிச் செருகியிருக்கிறார். இப்படி ஊரைச் சொல்லி விற்கிற கடையைச் சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைச் சந்தையில்கூட நான் பார்த்ததில்லை. “ரெண்டையும் கடிச்சுப் பாரு கண்ணு, அப்புறம் சொல்லு” என்று கையில் கொட்டுவார். ஏற்காட்டு மிளகு வாசனையில் முந்துகிறது, இலங்கை மிளகு காரத்தில். கேட்டால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டும் காட்டுவார், நல்ல மணி அடியில் போய்விடும், பொக்கும் கலப்படப் பப்பாளி விதையும் மிதக்கும். எனக்குக் காட்டியபோது நாலைந்து மணிதான் மேலே நின்றது.

இலங்கை மிளகு என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். முறையாகத்தான் வருகிறது. இந்தியாவும் இலங்கையும் 1998இல் கையெழுத்திட்டு 2000இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம், அதற்கு மேல் வந்தால் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் ‘சாஃப்டா’ என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் 8 சதவீத வரி. சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014இல் காத்மாண்டுவில், 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு நடக்கவே இல்லை, ஆனாலும் அவர்கள் போட்டு வைத்த ஒப்பந்தத்தில் மிளகு வந்துகொண்டுதான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். இந்த வரிச் சலுகையைப் பிடிக்க வியட்நாம் மிளகு ‘இலங்கையில் விளைந்தது’ என்ற சான்றிதழோடு இங்கே இறங்கியது, விலை சரிந்து நம் மலைக்காரர்கள் அடிபட்டார்கள், 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. ஏற்காட்டு விவசாயியின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். இலங்கையின் மாத்தளையில் நிஜமாகவே கொடி ஏற்றி மிளகு பறிக்கிறவனுக்கும் இதில் அடிதானே. இந்தியா, இலங்கை, வியட்நாம் மூன்றும் உறுப்பினராக இருக்கும் பன்னாட்டு மிளகுச் சமூகம் என்ற அமைப்பு 1972லிருந்து இருக்கிறது. விளைந்த இடத்தை மறைக்காமல் விற்க வைக்கும் வேலையை அங்கே உட்கார்ந்து செய்தால் மூன்று நாட்டு விவசாயிக்கும் நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

அக்கா அந்த அட்டையை எழுதி வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் அம்மா மாத்தளையில் பிறந்தவர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரு அரசுகளும் எண்ணிக்கை பேசி முடித்தன, தோட்டத்தில் வேலை செய்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அம்மா ஊரு பேரை மறைச்சு விக்க மனசு வரல கண்ணு” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பெரியவர்கள் பேசி முடிக்கிற ஒப்பந்தம் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்கிறது.

குறைகளும் உண்டு. காப்பித்தூள் சுமார்தான், சிக்கரி தூக்கல். பை மெல்லியது, மலை இறங்குவதற்குள் பிரிந்துவிடும், டப்பா கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. அரைத்துத் தர மாட்டார். விலையில் பேரம் கிடையாது, ஏற்காட்டு மிளகு இலங்கையைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ரசத்துக்கும் பொங்கலுக்கும் ஏற்காடு வாங்குங்கள், மிளகுக் கறி வைக்கிறவர்கள் இலங்கையில் கால் கிலோ சேர்த்து வாங்கலாம். அறுவடை முடிந்து பங்குனி வாக்கில் போனால் புது மிளகு கிடைக்கும்.